டிஸ்சார்ஜ் நாளிலிருந்து அடுத்த ஊசி வரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனநல வார்டில் ஒரு மாதமோ ஆறு மாதமோ இருந்துவிட்டு வீடு திரும்பியவரைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சுதான் காதில் விழுகிறது. "அங்கே போய் வந்தவன் இனி எதற்கும் உதவமாட்டான்" என்பது ஒன்று. "டாக்டரே வீட்டுக்கு அனுப்பிவிட்டார், இனி மாத்திரை எதற்கு?" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. அதிலும் இரண்டாவது பேச்சை நம்பி நடப்பதால்தான் முதல் பேச்சு பல வீடுகளில் பலித்துவிடுகிறது. ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு, பைபோலார் என்னும் இருமுனைக் கோளாறு ஆகியவற்றுக்காக வார்டில் சேர்க்கப்பட்டவர்கள் நாளடைவில் எப்படித் தேறுகிறார்கள், எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மனநலச் செவிலியர், மருந்தாளுநர், சமூகப் பணியாளராக இருக்கும் நாங்கள் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் நெடுங்காலக் கணக்கு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில மருத்துவமனையில் 1950களின் நடுவில், பின்கட்டு வார்டுகளில் கிடந்த 269 பேரை டாக்டர் ஜார்ஜ் புரூக்ஸ் தலைமையிலான குழு தேர்ந்தெடுத்தது. சராசரியாகப் பதினாறு ஆண்டு நோய். பத்து ஆண்டாக எந்த வேலையும் செய்ய இயலாத நிலை. ஆறு ஆண்டு இடைவிடாத வார்டு வாசம். அப்போது புதிதாக வந்திருந்த குளோர்ப்ரோமசின் மாத்திரை மட்டும் அவர்களை எழுப்பி நிறுத்தவில்லை. அதனால் வார்டுக்குள்ளேயே வேலைப் பழக்கம், ஊருக்குள் இடைநிலை இல்லம், வேலை தேடித் தருதல், வெளியே போன பிறகும் தொடர்ந்து கவனித்தல் என்று ஒரு ஏற்பாட்டைச் செய்தார்கள். சராசரியாக 32 ஆண்டு கழித்து கோர்ட்னி ஹார்டிங் குழுவினர் அந்த 269 பேரில் 262 பேரின் விவரத்தைத் தேடிப் பிடித்தார்கள். 1987ல் முடிவு அச்சானது. பாதிப் பேர் முதல் மூன்றில் இரண்டு பங்கினர் வரை நன்கு தேறியிருந்தார்கள் அல்லது முழுதாக நலமடைந்திருந்தார்கள். தேற மாட்டார்கள் என்று கைவிடப்பட்ட வார்டிலிருந்து வந்தவர்கள் இவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

பிறகு அதே வயது, அதே நோய், அதே அளவு வார்டு வாசம் உள்ளவர்களை அருகிலுள்ள மெய்ன் மாநிலத்தில் தேடி எடுத்து, சராசரியாக 36 ஆண்டு கடந்த நிலையை ஒப்பிட்டார்கள். 1995ல் அது வெளிவந்தது. மெய்னில் வெர்மான்ட்டைப் போன்ற ஏற்பாடு இல்லை. அங்கும் சிலர் தேறினார்கள். ஆனால் வேலை, நோய்க்குறி, ஊரோடு சேர்ந்து வாழ்தல் எல்லாவற்றிலும் வெர்மான்ட்காரர்களே முன்னால் இருந்தார்கள். நோய் ஒன்றுதான், வெளியே வந்தபின் கிடைத்தது வேறு. எங்கள் கடிதத்தின் சாரம் இந்த ஒப்பீட்டில் இருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் மனநல மருத்துவர் மான்ஃபிரெட் பிளாய்லர் மனச்சிதைவு உள்ள 208 பேரை இருபது ஆண்டுக்கு மேல் தொடர்ந்தார். அதே நாட்டின் லோசான் நகரில் 289 பேரைச் சராசரியாக 37 ஆண்டுக்குப் பின் சோதித்தார்கள். இரண்டிலும் ஏறக்குறைய பாதிப் பேர் நல்ல நிலையில் இருந்தார்கள். மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2013ல் ஐம்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நோய்க்குறியும் அடங்கி, வேலை, உறவு என்ற வாழ்க்கையும் திரும்பி, அவற்றில் ஒன்றாவது இரண்டு ஆண்டு நீடித்தால்தான் தேறியதாகக் கொள்வோம் என்று கறாராக அளந்தால், நூற்றுக்கு 13 அல்லது 14 பேரே தேறினார்கள். இந்த இரண்டு கணக்கும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. யாரும் பேசாமலே காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது என்பது ஒரு கோடு. காலையில் எழுந்து குளித்து, பஸ் ஏறி, ஒரு வேலையைப் பார்த்து, சம்பளத்தோடு வருவது வேறொரு கோடு. முதல் கோட்டைப் பலர் தாண்டுகிறார்கள். இரண்டாவதில்தான் ஆள் துணை வேண்டியிருக்கிறது.

"ஊர்நாட்டில் குடும்பம் பார்த்துக்கொள்ளும், அதனால் அங்கே சீக்கிரம் குணமாகும்" என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் பழைய ஆய்வுகளில் ஆக்ரா, சண்டிகர் நோயாளிகள் மேலைநாட்டவரைவிட மேலாக இருந்தது உண்மைதான். சென்னையிலும் 1980களின் தொடக்கத்தில் முதன்முறை நோய் கண்ட 90 பேரைச் சேர்த்து, பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆனால் குடும்பம் தானாக எதையும் சாதித்துவிடாது. டாக்டர் சாரதா மேனன் 1984ல் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பைத் தொடங்கியதே, குடும்பத்தால் மட்டும் முடியாததைச் செய்யத்தான்.

நம் தென்னாப்பிரிக்காவுக்கு வருவோம். 2016/17 நிதியாண்டின் கணக்கை ஆராய்ந்து 2019ல் வெளியிட்டார்கள். அரசு மனநலத்துக்குச் செலவிட்ட ஒவ்வொரு 100 ரேண்டிலும் 86 ரேண்ட் படுக்கைச் சிகிச்சைக்கே போயிற்று. மனநலத்துக்காகச் சேர்க்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர், டிஸ்சார்ஜ் ஆன மூன்றே மாதத்துக்குள் மறுபடி படுக்கைக்கு வந்துவிட்டார். வாசலுக்கு உள்ளே செலவு, வாசலுக்கு வெளியே வெறுமை. மூன்று மாதத்தில் திரும்பி வருகிறவருக்கு முதல் சிகிச்சை பலிக்கவில்லை என்று சொல்வதைவிட, அது பாதியில் அறுந்துபோனது என்று சொல்வதே பொருந்தும்.

இதற்கு நேர் எதிர்த் தவறும் இங்கேயே நடந்தது. கௌட்டெங் மாகாணத்தில், மனநோயாளிகளை நீண்டகாலம் பராமரித்த லைஃப் எசிடிமேனி என்ற தனியார் நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தத்தை முறித்து, 2016ல் ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்டவர்களை அவசர அவசரமாக, பெரும்பாலும் 27 தொண்டு இல்லங்களுக்கு மாற்றினார்கள். முறையான உரிமம் இல்லாத இல்லங்கள். பலர் கோப்பு இல்லாமலும் குடும்பத்துக்குச் சொல்லாமலும் கொண்டுபோகப்பட்டார்கள். 144 பேர் இறந்தார்கள். 2018ல் நீதிபதி மோசெனெக்கே விசாரித்து இழப்பீடு விதித்தார். ஆஸ்பத்திரிக்கு வெளியே வாழலாம் என்பது சரியான எண்ணம். ஆனால் வெர்மான்ட்டில் இல்லம், வேலை, ஆள் எல்லாம் முதலில் தயாராயின. நோயாளி பிறகு வெளியே வந்தார். கௌட்டெங்கில் நோயாளிதான் முதலில் வெளியே வந்தார். இந்த வரிசையை மாற்றினால் உயிர்போகும்.

மாகாணம் செய்ய வேண்டியதைக் கேட்டுக்கொண்டேயிருப்போம். அதுவரை குடும்பத்தின் கையில் இருப்பவற்றைச் சொல்கிறோம்.

டிஸ்சார்ஜ் அன்று வார்டை விட்டுக் கிளம்புமுன் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை பல உண்டு. ஒவ்வொரு மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் நேரமும் வேண்டும். "வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சள் ஒன்று" என்று எழுதினால் பயனில்லை. அடுத்த மாதம் வேறு கம்பெனி மாத்திரை வரும், நிறம் மாறிவிடும். கையில் கொடுத்த மாத்திரை எத்தனை நாளைக்கு வரும்? கடைசி ஊசி எந்தத் தேதியில், எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் போட்டார்கள்? அடுத்த ஊசி எந்தத் தேதி, எந்தக் கிளினிக்? அந்தக் கிளினிக்குக் கடிதம் கையில் இருக்கிறதா? இந்த நோயாளிக்கு நோய் திரும்பும்போது முதலில் தெரிந்த அறிகுறி என்ன? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வார்டு சிஸ்டர்களுக்குப் பெரும்பாலும் பதில் தெரியும்.

இந்தச் சங்கிலி எங்கே அறுகிறது என்றால், அதிகமும் முகவரியில்தான். சாட்ஸ்வர்த்தில் அம்மா வீட்டு முகவரியில் சேர்ந்தவர், டிஸ்சார்ஜ் ஆனதும் டோங்காட்டில் அக்கா வீட்டில் போய்த் தங்குவார். கடிதம் ஒரு கிளினிக்குக்கு, ஆள் இன்னொரு கிளினிக்கில். அங்கே கோப்பு இல்லை, இங்கே ஆள் இல்லை. ஊசித் தேதி தாண்டிவிடுகிறது. வீடு மாறப்போகிறது என்று தெரிந்தால் வார்டிலேயே சொல்லி, புதிய கிளினிக்கின் பெயருக்குக் கடிதத்தை மாற்றி வாங்குங்கள்.

ஒருமுறை போட்டால் வாரக்கணக்கில் வேலை செய்யும் ஊசியைப் பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். புளுபென்திக்சோல், சூக்ளோபென்திக்சோல் போன்றவை எண்ணெயில் கரைத்துத் தசையில் போடப்படுபவை. பொதுவாக நான்கு வாரத்துக்கு ஒருமுறை. மருந்து தசையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்குக் கசிகிறது. ஒரு ஊசியைத் தவறவிட்டால் மறுநாளே ஒன்றும் ஆகாது. இரண்டு ஊசி தவறினாலும் ஆள் நன்றாகவே இருக்கக்கூடும். முன்பைவிடச் சுறுசுறுப்பாகக்கூடத் தெரியலாம், ஏனென்றால் மருந்தின் மந்தம் முதலில் விலகுகிறது. "பார்த்தீர்களா, ஊசி இல்லாமலே நன்றாக இருக்கிறான்" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். நோய் தலைதூக்குவது மூன்றாவது மாதமோ ஐந்தாவது மாதமோ. அதற்குள் ஊசியை நிறுத்தியதை எல்லோரும் மறந்துவிட்டு, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு கிளம்பிவிடும்.

மருந்து உண்மையிலேயே உதவுகிறதா என்ற கேள்வி நியாயமானது. மனச்சிதைவில் 65 பரிசோதனைகளைத் தொகுத்த 2012ஆம் ஆண்டு ஆய்வில், ஓராண்டுக்குள் நோய் திரும்பியது மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 64 பேருக்கு. முதன்முறை நோய் வந்தவர்களைத் தொடர்ந்த 1999ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், மருந்தை விட்டவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. அளவைக் குறைக்கலாமா? கேட்கலாம், கேட்க வேண்டும். டாக்டரோடு பேசி, மாதக்கணக்கில், சிறு சிறு படியாக. இங்கிலாந்தில் அப்படிக் கவனமாகக் குறைத்துப் பார்த்த ஆய்வு 2023ல் வந்தது. இரண்டு ஆண்டில், குறைத்தவர்களில் நான்கில் ஒருவருக்கும், வழக்கம்போல் எடுத்தவர்களில் எட்டில் ஒருவருக்கும் கடுமையாக நோய் திரும்பியது. இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நோயாளியின் உரிமை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து மாத்திரை டப்பாவைக் குப்பையில் போடுவது முடிவெடுப்பது ஆகாது.

மாத்திரையை விடுவதற்கான காரணம் பெரும்பாலும் மாத்திரையிலேயே இருக்கிறது. கால் ஓரிடத்தில் தரிக்காமல் உட்காரவும் நிற்கவும் முடியாமல் தவிக்கிறார் என்றால் அது நோய் முற்றியதாக இல்லாமல், மருந்தால் வந்த அவஸ்தையாக இருக்கலாம். அதைப் பார்த்து இன்னும் ஒரு மாத்திரை கூட்டினால் தவிப்பு மிகும். எடை ஏறுவது, எச்சில் வடிவது, உடலுறவில் நாட்டமின்மை எல்லாவற்றுக்கும் மாற்று வழி உண்டு. டாக்டரிடம் வாய்விட்டுச் சொன்னால்தான். மகன் இதையெல்லாம் அம்மா எதிரில் சொல்லமாட்டான். கிளினிக்கில் சில நிமிடம் அவனைத் தனியாகப் பேச விடுங்கள்.

குளோசபின் எடுப்பவர் வீட்டில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. மற்ற மருந்துகள் பலிக்காதவர்களுக்குத் தரும் மருந்து அது. பலரை வார்டிலிருந்து நிரந்தரமாக வெளியே கொண்டுவந்திருக்கிறது. வெள்ளணுக்கள் திடீரெனக் குறையும் அபாயம் இருப்பதால் முதல் 18 வாரம் வாராவாரமும், பிறகு மாதந்தோறும் இரத்தப் பரிசோதனை. காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் அன்றே இரத்தம் பார்க்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய அளவில் மறுபடி தொடங்கவே கூடாது. இரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழக்கூடும். 12.5 மில்லிகிராமிலிருந்து டாக்டர் திரும்பவும் ஏற்றுவார். மலச்சிக்கலை அற்பமாக நினைக்காதீர்கள், குடல் அடைத்து இறந்தவர்கள் உண்டு. மூன்று நாள் வெளிக்குப் போகவில்லை என்றால் கிளினிக்குக்குப் போங்கள்.

சிகரெட்டுக்கும் குளோசபினுக்கும் உள்ள தொடர்பு பல குடும்பங்களுக்குத் தெரியாது. புகையிலுள்ள பொருள்கள் கல்லீரலைத் தூண்டி மருந்தை வேகமாகக் கரைக்கின்றன. வார்டில் புகை கிடையாது. அந்த நிலையில் அளவு பார்த்து நிர்ணயித்த மருந்து, வீட்டுக்கு வந்து நாளுக்கு ஒரு பாக்கெட் ஊதத் தொடங்கியதும் போதாமல் போகிறது. மாத்திரை தவறாமல் எடுத்தும் நோய் திரும்புவதற்கு இது ஒரு காரணம். மாறாக, வெளியே புகைத்துக்கொண்டிருந்தவர் திடீரென நிறுத்தினால் இரத்தத்தில் மருந்து ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோகூட ஏறக்கூடும். அளவு கடந்த தூக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம். நிகோட்டின் சூயிங்கம் இதைச் செய்யாது, புகைதான் செய்யும். ஆகவே புகைப்பதைத் தொடங்கினாலும் விட்டாலும் கிளினிக்கில் சொல்லிவிட வேண்டும்.

லித்தியம் எடுப்பவர்களுக்கு நம் பண்டிகைக் காலமே ஆபத்தாக முடியலாம். இருமுனைக் கோளாறுக்குத் தரும் லித்தியம், உப்போடு உறவாடும் மருந்து. உடலில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. தைப்பூசக் காவடி டர்பனில் நடுக்கோடையில் வருகிறது. பத்து நாள் விரதம், உப்புக் குறைந்த சாப்பாடு, வெறுங்காலில் வெயில் நடை, வியர்வை. சைவச் சாப்பாட்டால் கெடுதல் ஏதுமில்லை. தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், உப்பைத் திடீரென விடுவதும்தான் கெடுதல். காவடிக்குப் பிறகு உடம்புவலிக்கு இபுபுரோஃபெனோ டைக்ளோஃபினாக்கோ விழுங்கினால் அளவு இன்னும் ஏறும், பாரசிட்டமால் எடுக்கலாம். இரத்த அழுத்தத்துக்காக இங்கே பரவலாகத் தரப்படும் ஹைட்ரோகுளோரோதயசைடும் எனலாப்ரிலும்கூட லித்தியத்தை ஏற்றும். அழுத்தத்துக்கு மாத்திரை எழுதும் டாக்டரிடம் லித்தியத்தைச் சொல்லாமல் இருக்காதீர்கள். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, குடித்தவர்போல் நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது ஆகியவை விஷமாகிவிட்டதன் அடையாளம். அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரி. இரத்தத்தில் அளவு பார்க்கக் கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு வரிசையில் நின்றால், வரும் எண் தவறாக இருக்கும்.

இருமுனைக் கோளாறுக்குத் தரப்படும் இன்னொரு மருந்தான வேல்புரோயேட் எடுக்கும் இளம்பெண்ணுக்குத் திருமணம் பேசுகிறீர்கள் என்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள். கருவிலேயே அந்த மருந்து பட்ட குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு உறுப்புக் குறை ஏற்படுகிறது. நோயை மறைத்துக் கல்யாணம் செய்துவைக்கும் வீடுகளில் இந்த அபாயமும் சேர்ந்தே மறைக்கப்படுகிறது.

வீடு திரும்பிய முதல் வாரமும் முதல் சில மாதங்களும் தற்கொலை அபாயம் மிகுந்த காலம். பல நாட்டு ஆய்வுகளும் சொல்வது இதுவே. ஆகவே ஏழு நாளுக்குள் ஒரு தடவையாவது கிளினிக் ஆளோ சமூகப் பணியாளரோ நேரில் பார்க்க வேண்டும். அவர்கள் வரவில்லை என்றால் நீங்கள் போங்கள். லித்தியம், அமிட்ரிப்டிலின் போன்றவை அளவு மீறினால் உயிரை எடுப்பவை. மொத்த மாத்திரையையும் பூட்டிவைத்து ஒருவார அளவை மட்டும் வெளியே வையுங்கள். மனம் நொந்து பேசினால் "அப்படியெல்லாம் பேசாதே" என்று அடக்காமல், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை.

உடம்பையும் மறக்கக் கூடாது. மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ பதினைந்து ஆண்டு முன்னதாக இறக்கிறார்கள். பெரும்பங்கு மாரடைப்பு, சர்க்கரை, புகை போன்றவற்றால். இந்நாட்டு இந்திய வம்சாவளியினருக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய் அதிகம். ஒலன்சபின், குளோசபின் என்ற மனச்சிதைவு மருந்துகள் அந்த அபாயத்தை இன்னும் கூட்டுகின்றன. மருந்து தொடங்கும்போதும், மூன்றாவது மாதமும், பிறகு ஆண்டுதோறும் எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு இவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மூன்று கரண்டி சர்க்கரை போட்ட டீயும் இரண்டு லிட்டர் கூல்டிரிங்க் பாட்டிலும் வீட்டிலிருந்து போனாலே பாதி வேலை முடியும்.

வீட்டுப் பேச்சைப் பற்றி. லண்டனில் 1976ல் வந்த ஆய்வு, ஓயாமல் குறை சொல்லும் வீட்டில், வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருக்க நேர்ந்தவர்களுக்கே நோய் அதிகம் திரும்புவதாகக் காட்டியது. அம்மாவால்தான் நோய் வந்தது என்று இதற்குப் பொருள் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லி எத்தனையோ தாய்மாரை அழவைத்துவிட்டார்கள். எழுந்திருக்காமல் படுத்திருப்பது, குளிக்காமல் இருப்பது, பேசாமல் இருப்பது எல்லாம் நோயின் பகுதி. அவரைச் "சோம்பேறி" என்று திட்டுவது, காய்ச்சல்காரரைச் சூடாக இருப்பதற்காகத் திட்டுவது போல. ஒரு நாளைக்கு ஒரு சின்ன வேலையைக் கொடுத்து, முடித்தால் முடித்தாய் என்று சொல்லுங்கள். சாட்ஸ்வர்த்தின் சின்ன வீடுகளில் ஆறேழு பேர் நெருக்கியடித்து இருக்கும்போது, பகலில் சில மணி நேரம் வெளியே போக ஓரிடம் இருப்பது நோயாளிக்கும் நல்லது, அம்மாவுக்கும் நல்லது. டர்பன் அன்ட் கோஸ்டல் மென்டல் ஹெல்த் போன்ற தொண்டு அமைப்புகளின் தொழிற்கூடங்கள் அதற்கு உதவும். கோயில்களும் உதவலாம். ஆடியில் கூழ் காய்ச்சும்போதும், அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்கும்போதும், வாரத்தில் இரண்டு காலை, நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒருவருக்கு இடம் கொடுங்கள். வெர்மான்ட்டில் செய்தது இதன் பெரிய வடிவம்தான்.

பணம். ஊனமுற்றோர் உதவித்தொகை 18 முதல் 59 வயது வரையிலானவர்களுக்கு. ஆறு முதல் பன்னிரண்டு மாதம் வரை வேலை செய்ய இயலாது என்றால் தற்காலிகம். அதற்கு மேல் என்றால் நிரந்தரம். தற்காலிகத் தொகை கெடு முடிந்ததும் தானாக நின்றுவிடும். மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். உதவித்தொகை வழங்கும் அரசு முகமையான சாசாவின் அலுவலகத்துக்குக் கொடுக்கும் மருத்துவ அறிக்கை மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. மறுத்துவிட்டால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அரசு நிறுவனத்தில் நீண்டகாலம் சேர்க்கப்பட்டிருந்தால் நான்காவது மாதத்திலிருந்து தொகை கால்பங்காகக் குறையும். டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து முழுத்தொகைக்கு உரிமை உண்டு. டிஸ்சார்ஜ் கடிதத்தோடு அந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். பணம் வராத மாதத்தில் கிளினிக்குக்கு டாக்சி காசு இல்லை. டாக்சி காசு இல்லாத மாதத்தில் ஊசியும் இல்லை.

நோய் திரும்புவது பெரும்பாலும் ஒரே இரவில் வருவதில்லை. இரண்டு மூன்று இரவு தூக்கமின்மை, காரணமில்லாத சந்தேகம், திடீர்ச் செலவு, டக்கா என்னும் கஞ்சா புகைப்பது கூடுவது என்று வரும். 2018ல் அரசியல் சாசன நீதிமன்றம் வீட்டுக்குள் டக்கா புகைப்பதைக் குற்றமில்லை என்றது. குற்றமில்லை என்பதால் மனச்சிதைவு உள்ளவருக்கு அது கேடில்லை என்று ஆகிவிடாது. தொடர்ந்து புகைப்பவர்களுக்கு நோய் அடிக்கடி திரும்புகிறது. அறிகுறி கண்ட அன்றே கிளினிக்குக்குப் போனால் பெரும்பாலும் மருந்தைச் சரிசெய்வதோடு முடிந்துவிடும்.

வர மறுத்தால் 2002ஆம் ஆண்டின் 17ஆம் எண் மனநலப் பராமரிப்புச் சட்டம் வழி சொல்கிறது. கணவனோ மனைவியோ, பெற்றோரோ, நெருங்கிய உறவினரோ எம்.எச்.சி.ஏ. 04 என்ற படிவத்தில் சத்தியம் செய்து விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்கும் ஆள் கடந்த ஏழு நாளுக்குள் நோயாளியை நேரில் பார்த்திருக்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் அண்ணன் போனில் கேட்டதை வைத்து எழுதிக்கொடுத்தால் நிற்காது. இரண்டு மனநலப் பராமரிப்பாளர்கள் தனித்தனியே சோதிப்பார்கள். பிறகு 72 மணி நேரக் கண்காணிப்பு. தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலையில் இருந்தால், சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி போலீசார் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும், லாக்கப்புக்கு அன்று. இந்தப் பிரிவு எண்ணை ஒரு தாளில் எழுதி வாசலருகே ஒட்டி வையுங்கள். விருப்பமின்றிச் சேர்க்கப்பட்டவருக்கும் உரிமை உண்டு: 30 நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மேல்முறையீடு செய்யலாம், ஆறு மாதம் கழித்தும், பிறகு பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையும் அவரது நிலையை மறுபடி ஆராய்ந்தே ஆக வேண்டும்.

பூசாரிகளுக்கும் குருக்களுக்கும் ஒரு வேண்டுகோள். மந்திரிக்க, திருநீறு போட வருகிறவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. அந்த ஆறுதல் வேண்டியதுதான். "மாத்திரையை நிறுத்தாதே" என்ற ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள். டாக்டர் சொன்னால் கேட்காத ஆயா, நீங்கள் சொன்னால் கேட்பார்.

மாகாண சுகாதாரத் துறையிடம் நாங்கள் கேட்பது, டிஸ்சார்ஜ் ஆகிறவர் நேரே கூட்டுக்குடும்பத்தின் நடுக்கூடத்தில் வந்து விழாமல், மூன்று முதல் ஆறு மாதம் தங்கிப் பழக இடைநிலை இல்லங்கள்; உரிமத்தோடு, இரவிலும் சிஸ்டரோடு, டர்பனின் தெற்கிலும் வடக்கிலும். இதற்காகப் புதிய மருத்துவமனை கட்ட வேண்டியதில்லை. மூன்று மாதத்தில் திரும்பி வருகிறவர்களுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டாலே தொடங்கலாம்.

ஆசிரியர் அவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். டிஸ்சார்ஜ் அன்று கேட்க வேண்டியவை என்று மேலே சொன்ன கேள்விகளையும், லித்தியம், குளோசபின் எச்சரிக்கைகளையும், கத்தரித்து எடுக்கும்படி ஒரு கட்டத்துக்குள் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தந்தால், கோயில் அறிவிப்புப் பலகைகளில் ஒட்டுகிறோம். காவடிக்குக் கொடி ஏறுவதற்குப் பத்து நாள் முன்னதாக வந்தால் நல்லது. விரதம் அன்றைக்கே தொடங்கிவிடுகிறது.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பகுதிகளில் பணியாற்றும் மனநலச் செவிலியர், மருந்தாளுநர், சமூகப் பணியாளர்
டர்பன், குவாசுலு-நடால்